ஏழாம் சுற்றில் ஒரு துளை

உன் உம்மா கொடுத்தனுப்பிய கோப்புறையைத் திறந்ததும் அத்தர் வாசனை வந்தது. உன் அலுமாரியின் வாசனை. மேலே, சதுரக்கோட்டுத் தாளில் நீ வரைந்த படம். பள்ளிவாசலில் பெண்கள் தொழும் பகுதியை மறைக்கும் துளைவேலைச் சுவர். எட்டுமுனை நட்சத்திரங்கள், வரிசை வரிசையாக. ஏழாவது வரிசையில் ஒன்று மட்டும் உடைந்திருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால், "வாப்பாட தொப்பி தெரியிற ஓட்டை."

அந்தச் சுவரைத்தான் நீ நான்கு பேருக்கான இசையாக எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வயலின், என் வியோலா, ஒரு செல்லோ; சுவரின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுற்று. ஒருவர் கோட்டை மற்றவர் வெட்டிப் போக, நடுவில் நட்சத்திரம் தானாக வரவேண்டும் என்பாய். கட்டுகஸ்தோட்டை வீட்டில், மழைச் சத்தத்துக்கு மேலே நீ உட்கார்ந்திருக்கும் கதிரையின் கையில் தட்டிக் காட்டுவாய். "அவசரப்படாத புள்ள. செவரு எங்கயும் ஓடாது."

உடைந்த நட்சத்திரத்தைப் பற்றி நீ சொன்னதில்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உன் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித் தாள் எடுத்தது நான். ஏழாம் சுற்றில் வியோலாவின் வரி வெறுமையாக இருந்தது. களைப்பில் விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். மற்றச் சுற்றுகள் எல்லாம் ஒரே அச்சு; என்ன வரவேண்டுமென்று எனக்குத் தெரியாதா? நிரப்பினேன். உன்னை அழைத்துக் கேட்டிருக்கலாம். நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கே சாக்குச் சொன்னேன். உண்மையில், என் வாத்தியம் மட்டும் சும்மா நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கச்சேரிக்கு வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். முடிந்ததும் கேட்டாய்.

"ஏழாவது சுத்துல நீ நிக்கல்லயே?"

"ஓம், நீ விட்டுப்போட்டாய். நான் நிரப்பிப்போட்டன். நன்றி சொல்லடி."

என் தாளை வாங்கிப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "நீ நல்ல மேசன் பாஸ் புள்ள. பூசின இடமே தெரியல்ல."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நோன்புக்கு நீ இல்லை.

படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த இடத்தில் செல்லோவுக்கு நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று கவனித்தேன். மிகத் தாழ்வாக நான்கு சுரங்கள். வேறெந்தச் சுற்றிலும் அவை இல்லை. வியோலா நின்றால் மட்டுமே கேட்கும். உன் இசையை நீ ஒரே ஒருமுறை கேட்டாய். உன் வாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நான்கு சுரங்கள் காதில் விழாமல்.

போன ஞாயிறு மீண்டும் வாசித்தோம். உன் வாப்பாவை அழைத்திருந்தேன். ஏழாம் சுற்றில் நரம்பிலிருந்து வில்லைத் தூக்கினேன். செல்லோவின் நான்கு சுரங்கள் கேட்டன. பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"நடுவுல ஒரு எடம் வந்திச்சே மகள், அன்டைக்கி அது இருக்கல்லயே?"

"இருந்தது அங்கிள். நான்தான் அடைச்சுப்போட்டன்."

அவர் தலையாட்டினார்.

இப்போது தனியாகப் பயிற்சி செய்யும்போதும் அந்த இடத்தில் நிற்கிறேன். எட்டு வரை எண்ண வேண்டும். மூன்றிலேயே கை வாசிக்கப் பார்க்கிறது. பிடித்து வைத்துக்கொண்டு எண்ணுகிறேன்.