வரி கட்டுற வீட்டுக் குப்பை

வரி கட்டாத தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்குக் குப்பை டிராக்டர் போகக் கூடாது என்று பிரதேச சபையில் முந்தாநாள் கை தூக்கிவிட்டு, விடிந்தும் தூங்கும் கணவன் சுதாகரனை லோஜினி எழுப்பவில்லை. சீட்டில் எழுதினாள்:

"மெம்பர் ஐயாவுக்கு,

ரொட்டி மூடி வச்சிருக்கேன். சம்பல் வேணும்னா நீங்களே அரைச்சுக்கோங்க. நாம பொறந்த லயத்துக்கே போறேன். வாசல்ல கிடக்குற பையெல்லாம் அங்க சேர்ந்த குப்பை. நேத்து ஆட்டோவுல நான்தான் கொண்டாந்தேன். இப்ப அது வரி கட்டுற வீட்டுக் குப்பை. டிராக்டர் வந்ததும் உங்க கையால ஏத்திவிடுங்க."

பேனாவை மூடியவள், மறுபடியும் திறந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"பச்சைப் பை உங்கம்மா கட்டினது. 'மகன் மெம்பராகிட்டான், இனி நம்ம லயத்துக்கும் டிராக்டர் வரும்'னு சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்க. நீங்க சபையில கை தூக்கினது அவங்களுக்குத் தெரியாது. நீங்களே வந்து சொல்லுங்க."