கப்பல் ஏறாதவரின் பெயர்

அப்பா,

இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் உங்கள் கம்பளிக் கோட்டின் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. கூடவே அந்தப் பழைய கோபமும் வந்தது.

எண்பதுகளில் பஞ்சாயத்துத் தலைவர், பர்மா சண்டைக்குப் போன நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கல் நட்டார். முதல் பெயர் அவருடைய அப்பாவுடையது. உங்கள் பெயரே இல்லை. குண்டுச் சத்தத்தில் ஒரு காதை இழந்து திரும்பியவர் நீங்கள்.

"ஏனுங்க, என்ற பேரு உட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டீர்கள்.

"கல்லுல எடமில்லீங்க" என்றார். அடியில் ஒரு முழத்துக்கு வெறுங்கல் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள். "அவங்கப்பாரும் நானும் ஒண்ணாத்தான் பட்டாளத்துல சேர்ந்தோம். மெட்ராசுல கப்பலைப் பார்த்ததும் ஓடிப்போயிட்டாரு. பயந்தவரைக் காட்டிக்குடுக்கக் கூடாது கண்ணு." சத்தியமும் வாங்கிக்கொண்டீர்கள். அந்தத் தலைவரின் பனியன் கம்பெனியில்தான் நான் செக்கிங் வேலை பார்த்தேன். தினமும் அவருக்கு வணக்கம் வைத்தேன்.

நீங்கள் இறந்தபோது அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு, கல்லுக்கு மாலை போட ஒரு ராணுவ அதிகாரி வந்தார். பட்டாளத்தில் உங்களுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மேடையேறி, தலைவரைக் கைகாட்டிச் சொன்னேன்:

"இவங்கப்பா கப்பலே ஏறலீங்க. ஏறுனது எங்கப்பா."

உங்களோடு பர்மாவுக்குப் போன பழனியப்பன் மாமா, தன் மகன்களும் அதே கம்பெனியில் இருந்ததால் அதுவரை வாய் திறக்காதவர், மெல்ல எழுந்தார். "அந்தப் புள்ள சொல்றது நெசமுங்க."

அதிகாரி தலைவரிடம் அவருடைய அப்பாவின் புத்தகத்தைக் கேட்டார். தலைவர் தரையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

மறுநாளே எனக்கு வேலை போயிற்று. வேலம்பாளையத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டு மாதத்தில் முதல் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு, அடியில் உங்கள் பெயரை வெட்டினார்கள்.

அதைப் பார்க்கப் போன அன்று தலைவரின் அம்மாவும் அங்கே வந்திருந்தார். கணவரின் பெயர் இருந்த பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "உங்கப்பாரு இருந்திருந்தா இதைச் செய்ய உட்டிருக்க மாட்டாரு, கண்ணு."

"ஆமாங்க. அதனாலதான் அவரு போற வரைக்கும் பொறுத்திருந்தேனுங்க" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். அந்தக் கூன் முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது, அப்பா. அவரை நினைத்தால் வலிக்கிறது. செய்ததை நினைத்தால் வலிக்கவில்லை. மன்னிக்கிற மனசு உங்களோடு போய்விட்டது. எனக்கு அது வரவில்லை.