வலிக்காத உன் கால்

இன்று காலை வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. இழுத்துப் பார்த்தால் அந்த ஷூ. தூசியோடு சேர்ந்து ரப்பர் வாடை மேலே வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதாமல் இன்று வேறு எந்த வேலையும் ஓடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஷூவைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் அதை வாங்கி, சப்பாத்தியை மடிப்பதுபோல இரண்டாக மடித்துப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டா தார் ரோட்ல ஓடினீங்க?" என்றார். வலது பாதத்து எலும்பு ஒன்றில் மயிரிழை போல விரிசலாம். ஆறு வாரம் அதிகம் நிற்கக் கூடாதாம். எட்டு மணி நேரமும் கம்பெனி லைனில் நின்றே வேலை செய்கிறவனிடம் சொல்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வேறு. நியாயமாக நான் அதற்குத்தான் பயந்திருக்க வேண்டும். ஆனால், "சுகர் பாத்திருக்கீங்களா?" என்று அவர் அடுத்ததாகக் கேட்டாரே, அதற்குத்தான் பயந்தேன். உன்னிடமும் ஒரு டாக்டர் இதையே கேட்டார். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஷூவை வாங்க வைத்தவன் நீ. போனில் ஏதோ படித்துவிட்டு கேன்டீனில் வந்து உட்கார்ந்தாய். "அந்தக் காலத்துல ஜனங்க எப்டிடா நடந்துருப்பாங்க? இந்த ரோடு இல்ல, பஸ்ஸு இல்ல, இந்த சேஃப்டி ஷூவும் இல்ல. காஞ்சிபுரம் வரைக்கும் நடந்தே போய்ட்டு வந்துருக்காங்கடா!" உனக்கு எப்போதும் இதே யோசனைதான். கம்பெனி காம்பவுண்டுக்குள் பள்ளம் தோண்டினால்கூட எட்டிப் பார்ப்பாய், பழைய பானை ஓடு ஏதாவது கிடக்கிறதா என்று. வெறுங்காலோடு ஓடுவது போலவே இருக்கும் ஷூ என்று சொல்லி ஆளுக்கு ஒரு ஜோடி வாங்க வைத்தாய். நாற்பது வயதில் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மண்ணூர் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தோம்.

இரண்டாவது வாரமே எனக்குப் பாதம் வலித்தது. உனக்கு ஒன்றுமே இல்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நீ போய்க் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா, சின்ன வயசுல செருப்பே இல்லாம நடந்துருப்பீங்க இல்ல, கால் வலிக்காதா?"

அந்த அம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தது. "வலிக்காம இன்னா? முள்ளு குத்தும், வெடிப்புல ரத்தம் வரும். செருப்பு வாங்க வக்கு இல்ல, நடந்தோம். ஆசைப்பட்டா நடந்தோம்?"

நான் சிரித்தேன். நீ மட்டும் விடவில்லை. "அவங்களுக்கு வலிச்சுருக்கலாம். எனக்கு வலிக்கலையேடா" என்றாய். உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அந்த ஞாயிறு. லாரிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஓடிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாய். சாக்ஸின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம். ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூ உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. "இன்னாடா இது, எப்போ குத்துச்சி?" என்று நீ ஆச்சரியமாகக் கேட்டாய். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடினாயோ, உனக்கே தெரியவில்லை. அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "உனக்கு அந்தக் காலத்துக் கால்டா!" நீ அவ்வளவு சந்தோஷப்பட்டாய். பக்கத்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வந்து ஓ.டி.யும் பார்த்தாய்.

பத்து நாளில் காய்ச்சல். காலிலிருந்து வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டாய். சுகர் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு வருஷம்" என்றாய். சுகர் காலை மரக்க வைத்துவிடும், குத்தினாலும் தெரியாது என்றார் அவர். உன் மனைவி அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டாள். மாத்திரைகளைக் கம்பெனி லாக்கரில் ஒளித்து வைத்திருந்தாய். தெரிந்தால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய். அவள் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "இப்பவும் வலிக்கவே இல்லடா. அதான் பயமா கீது."

காலை எடுத்தார்கள். அப்படியும் ரத்தத்தில் கலந்த விஷம் நிற்கவில்லை. ஆறாவது நாள் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் நான் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் தனியாக ஓடினேன், தெரியுமா? ஒவ்வொரு அடிக்கும் வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் ஓடினேன். விரிசல் விடும் வரை நிறுத்தவில்லை. இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

எலும்பு டாக்டரைப் பார்த்த அன்று கிளினிக்கிலிருந்து நேராக சேரப்பணஞ்சேரிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். ஸ்க்ரூ விஷயத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நொண்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்ததும் நாற்காலி போட்டாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரத்தத்தைப் பார்த்தது, சிரித்தது, நான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். "அந்த சாக்ஸ நான்தான் அண்ணா தோச்சேன். இன்னாங்க இது, ரத்தமான்னு கேட்டேன். துருக்கறைன்னாரு. ரத்தத்துக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? டூட்டிக்கு நேரமாச்சின்னு வுட்டுட்டேன்."

துணியை ஓரமாக வைத்துவிட்டு, "உங்களுக்கு கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிக்குது."

"வலிக்கட்டும் அண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அது சாபம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

என் ரத்தப் பரிசோதனையில் சுகர் எல்லையில் நிற்கிறதாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு உட்கார்ந்து லேபிள் சரிபார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தினமும் குளித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கிறேன். விரல் நுனியால் குத்திப் பார்க்கிறேன். கொஞ்சம் மரத்தது போலத் தோன்றினால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

நீ விட்டுப்போனதில் என்னோடு தங்கியிருப்பது இந்தப் பயம்தான். அதை என்ன செய்வது என்று தெரியாமல், சுகர் இருப்பதாக யார் சொன்னாலும், "கால காட்டு" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் கேலி செய்கிறார்கள். நேற்று ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது சுகர் இருக்கிற எங்கள் பஸ் டிரைவர் அண்ணனிடமும் கேட்டேன். கடைசி ஸ்டாப்பில் காட்டுகிறேன் என்று சிரித்தார். என் ஸ்டாப் அதற்கு முன்பே வந்துவிட்டது. நான் இறங்கவில்லை. கடைசி ஆள் இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே காசு அளவுக்கு ஒரு புண், ஓரமெல்லாம் வெள்ளையாக.

"இது எப்போப்பா வந்துச்சி? எனக்குத் தெரியவே இல்லையே" என்றார்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.