இரண்டு காசு, நான்கு விடை

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கண்ணாடிக்காரர் நான்கு மணிக்கு வருவார். நேற்று நீங்கள் ஸ்டூலை வீசி உடைத்த ஜன்னலை நீங்களே அவருக்குக் காட்டுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள், சில்லு இன்னும் கிடக்கிறது.

மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். பிள்ளையின் முதுகு கன்றிப்போயிருக்கிறது.

நேற்று அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இரண்டு காசைச் சுண்டினால் மூன்று விதமாகத்தான் விழும் என்றீர்கள்: இரண்டும் தலை, இரண்டும் பூ, இல்லையென்றால் ஒன்று தலை ஒன்று பூ. “இல்லப்பா, நாலு” என்றாள். “எனக்கே பாடம் நடத்துறியா?” என்று மர ஸ்கேல் முறியும்வரை அடித்தீர்கள்.

மேசையில் ஒரு பெரிய காசும் ஒரு சின்னக் காசும் வைத்திருக்கிறேன். சுண்டிப் பாருங்கள். பெரியது தலை, சின்னது பூ. பெரியது பூ, சின்னது தலை. இரண்டும் வேறு வேறு. ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

என் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

பி.கு.: நீங்கள் திருந்துவதும் நாங்கள் திரும்பி வருவதும்கூட இரண்டு தனித்தனிக் காசுதான். நீங்கள் திருந்தாமலே நாங்கள் திரும்பி வருவது ஒன்று. இத்தனை நாளும் அதுதான் நடந்தது. நீங்கள் திருந்தியும் நாங்கள் வராமல் போவது இன்னொன்று. அதையும் சேர்த்து எண்ணுங்கள்.