பதினொரு பேர் தூங்கிய கதை

அன்புள்ள ‘என்னங்க’ அவர்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே உங்கள் நலமும் நீங்கள் ஓட்டும் கிரேனின் நலமும் அறிய ஆவல்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதினால் கையெழுத்து கோணுகிறது. ஏழு மாதமாகச் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் முழங்கால் வலிக்கு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்று உங்களிடம் அளந்துகொண்டிருந்தேன் அல்லவா? முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான் போனது ஜப்பானிய மொழி வகுப்புக்கு. நீங்களும் பாவம், போன் செய்யும்போதெல்லாம், இப்ப மாடிப்படி ஏற முடியுதா என்று அக்கறையாகக் கேட்டீர்கள். நானும் கூசாமல், முன்னைக்கு இப்ப பரவாயில்லைங்க என்றேன். இதைப் போனில் சொன்னால் சிரிப்பீர்கள். காகிதத்தில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது. அதனால்தான் கடிதம்.

இந்த வயதில் இது எதற்கு என்பீர்கள். எங்கள் ஜிப் தொழிற்சாலையின் சரக்கில் பாதிக்கு மேல் வாங்குவது ஒரு ஜப்பான் கம்பெனி. அவர்கள் வந்து பேசுவதெல்லாம் எங்கள் முதலாளியின் மச்சான் வாய் வழியாகத்தான் எங்கள் காதுக்கு வரும். அவருக்குத்தான் அந்த பாஷை தெரியுமாம். அவர்கள் கால் மணி நேரம் பேசுவார்கள். மச்சான் எங்கள் பக்கம் திரும்பி, நல்லா இருக்குன்னு சொல்றாங்க என்பார். கால் மணி நேரத்துக்கு யாராவது ‘நல்லா இருக்கு’ சொல்வார்களா? என் சமையலைப் பற்றி நீங்கள் இருபத்தாறு வருடத்தில் மொத்தமாகச் சேர்த்தே அவ்வளவு நேரம் சொன்னதில்லை.

வகுப்பு ஒரு தையல்கடையின் மாடியில். ஆமாம், மாடிப்படி ஏறித்தான். எட்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை, காற்றைத் தவிர எல்லாச் சத்தமும் தரும் ஒரு மின்விசிறி. டீச்சர் நம் ஸ்கூட்டரைவிட வயதில் சின்னவள். ஒல்லியாக, கூர்மையாக இருப்பாள். பென்சில் என்று பெயர் வைத்திருக்கிறேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வணக்கம் சொன்னார்கள், நான்தான் டீச்சர் என்று நினைத்து. முதல் பரீட்சையில் ஐம்பதுக்கு ஒன்பது வாங்கி அந்த மரியாதையைத் தீர்த்துக்கட்டினேன். அந்தத் தாள் உங்கள் பழைய நீலச் சட்டையின் பையில்தான் இருக்கிறது. யாரும் போடாத சட்டை, பத்திரமான இடம்.

போன மாதம் ‘நி தைஷித்தே’ என்று ஒரு பாடம் வந்தது. ஒருத்தர்மேல் மரியாதை, கோபம், பாசம் எதைக் காட்டுகிறோம் என்றாலும் இந்தச் சொல்தான். அவர் அப்படி, இவரோ இப்படி என்று இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திப் பேசவும் இதே சொல்தான். ஒரே சொல் எப்படி டீச்சர் ரெண்டுக்கும் வரும் என்று பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆனவளுக்கு இதில் என்ன குழப்பம்? யாரைப் பார்த்து நிற்கிறோமோ அவரோடுதானே எதிரும் புதிருமாகவும் நிற்கிறோம். ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னாள் பென்சில். என் கணவர்மேல் எனக்குக் கோபம் என்று ஒன்று. நான் தினமும் வாசல் விளக்கைப் போடுகிறேன், அவரோ இரண்டு வருடமாக வரவில்லை என்று இன்னொன்று. இலக்கணம் சரி என்று டிக் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அக்கா, வேணும்னா வேற உதாரணம் எழுதிக்கலாம் என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்பு முதலாளி எங்கள் சோதனைப் பிரிவைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஜப்பான்காரர்கள் போன தடவை எங்களைப் பற்றி ஏதோ புகார் சொன்னார்களாம், மெஷின் வரப்போகிறதாம், பதினொரு பேரும் வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லதாம். அவர்கள் வந்து ஒரு முறை பார்த்து முடிவு சொல்வார்களாம். என்ன புகார் என்று கேட்டேன். மச்சான் மேலே பார்த்து, பொதுவா ஒரு அதிருப்தி என்றார். அதே வாரம்தான் உங்கள் கடிதமும் வந்தது: ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருகிறார்கள், உன் வேலை நிலைத்தால் நான் வந்துவிடுவேன், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்று. அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜப்பான்காரர்கள் வந்தார்கள், மூன்று பேர். நாங்கள் பதினொரு பேரும் வழக்கம்போல ஜிப்பைக் காதோரம் பிடித்து, கண்ணை மூடி, மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. நல்ல ஜிப் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பல் கோணியிருந்தாலும் ‘டிக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். கண் திறந்திருந்தால் காது மழுங்கிவிடும். இது எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. வந்தவர்களில் மூத்தவர், தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். என்னங்க, ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் அப்படியே எனக்குள் இறங்கியது. போன தடவையும் இவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இன்றைக்கும் தூங்குகிறார்களே என்றார்!

மச்சான் எங்களிடம் திரும்பி, ரொம்ப அமைதியா வேலை பார்க்கறீங்களாம் என்றார்.

எழுந்துவிட்டேன். நாற்காலி விழுந்தது. கால் ஆடிய ஆட்டத்தில், பேசாமல் முழங்கால் வகுப்புக்கே போயிருக்கலாமோ என்று தோன்றியது. பென்சில் கற்றுக்கொடுத்த அந்த ஒற்றைச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஜப்பானிய மொழியில் சொன்னேன்: மெஷின் கண்ணால் பார்க்கிறது, நாங்களோ காதால் பார்க்கிறோம். உங்கள் சரக்கின்மேல் உள்ள மரியாதையால்தான் கண்ணை மூடுகிறோம், தூக்கத்தால் இல்லை. அதில் ஏழு பிழை என்று பென்சில் பிறகு எண்ணிச் சொன்னாள். இருக்கட்டும். மச்சான் முகம் வெளுத்ததில் ஒரு பிழையும் இல்லை.

ஒரு கத்தை ஜிப்பை அந்தப் பெரியவர் கையில் கொடுத்து, கண்ணை மூடுங்கள் என்றேன். மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நின்றார். திரும்ப இழுத்தார். டிக்! கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார், இன்னும் கொடு என்று. முப்பது ஜிப் இழுத்தார் மனுஷர். கூட வந்த இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். தேநீர் கொண்டு வந்தவர், என்னம்மா, பெரியவங்களையும் தூங்க வெச்சிட்டீங்களா என்றார். கடைசியில் பெரியவர் எழுந்து, எனக்கு நேராகக் குனிந்து வணங்கி, தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முதலாளியிடம் கொடுத்தார். ஆர்டர் மூன்று வருடத்துக்கு நீட்டிப்பு, கைச்சோதனை கட்டாயம் தொடரவேண்டும்! எங்களில் குட்டையான பட்டாணி விசிலே அடித்துவிட்டாள். இனிமேல் அவர்கள் வந்தால் நான்தான் பேசவேண்டுமாம். மச்சானுக்கு அவர்கள் பையைத் தூக்கும் வேலை.

ஆகவே, என்னங்க, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். பேனா மூடியைக்கூடத் திறக்காதீர்கள். கோபம் என்று எழுதிய வாக்கியத்தை அழித்துவிட்டேன். வாசல் விளக்கு வாக்கியம் அப்படியேதான் இருக்கிறது. நீலச் சட்டையைத் துவைத்து வைக்கிறேன். முழங்கால் வலி மட்டும் நிஜம். மாடிப்படி ஏற ஒரு கை வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள்மேல் என்றும் அன்பும், உங்களுக்கு எதிரே என்றும் வழக்கும் உள்ள,
உங்கள் மனைவி

பி.கு.: நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று அந்தக் காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உறையில் போடும்போதுதான் கவனித்தேன்: பெரியவர் கையெழுத்துக்குக் கீழே திங்கட்கிழமைத் தேதி போட்டிருக்கிறது, நான் வாயைத் திறந்ததோ செவ்வாய்க்கிழமை.