சோம்பேறிகளுக்கான சிலேட்டு

இன்று காலை உன் தம்பி கடைக்கு வந்தான். துணிப்பையிலிருந்து உன் சிலேட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தான். உறையைத் திறந்தேன், குப்பென்று வலித் தைலத்தின் வாசனை அடித்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்த வாசனைக்கு அது தெரியவில்லை.

"எம் பொண்ணு பாப்பாவுக்குப் படிக்க வேணுமாம்க்கா. உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு புதுசா பண்ணிக் குடுத்துடு" என்றான். சாயந்திரம் வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அழிப்பது இரண்டு நிமிஷ வேலைதான். மத்தியானம் வரை அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். தொட்டதும் அழிக்கத் தோன்றவில்லை, உனக்கு எழுதத்தான் தோன்றியது.

அந்தச் சிலேட்டு பற்றிய செய்தி முதன்முதலில் பேப்பரில் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஏதோ வெளிநாட்டு கம்பெனி, கீபோர்டு இல்லாத, கையில் பிடித்துக்கொள்ளும் கம்ப்யூட்டரை அறிவித்திருந்தது. கடைக்கு வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஊர் முழுக்க அதைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லியாயிற்று. காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அப்போது என் பிரௌசிங் சென்டர் நல்ல ஓட்டத்தில் இருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, அதை நீ ஒருத்திதான் என் முகத்துக்கு நேராகச் சொல்வாய்.

அந்தப் பேப்பர், வாசகர்களின் கருத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது. உடனே நான் ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு வாசலில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் சீட்டு எழுதிப் போட்டார்கள். "சிடி போட ஓட்டையே இல்லையே, படம் எப்படிப் பாக்கறது?" என்று ஒருவர். "மடியில வச்சிக்கினு பஸ்ல போனா திருடிக்கினு பூடுவான்" என்று இன்னொருவர். பெரிசாகிப்போன செல்போன் என்றார் மருந்துக்கடைக்காரர். கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும் 'வந்ததும் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்' என்று எழுதிப் பக்கத்தில் இதயம் வரைந்திருந்தாள்.

அவற்றுக்கு நடுவே பேரில்லாத ஒரு சீட்டு. 'படுத்துக்கினே இதுல வரைய முடியுமா?' அவ்வளவுதான் இருந்தது. கடையில் இருந்தவர்களுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தேன். அன்றைக்கே உட்கார்ந்து என் சொந்தக் கருத்தையும் எழுதி அனுப்பினேன். மற்றவர்களின் சீட்டுகளையும் அதோடு சேர்த்து அனுப்பினேன். அந்த ஒரு சீட்டை மட்டும் கருத்து இல்லை, கேள்வி என்று தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் என் பேரும் ஊர்ப்பேரும் அச்சில் வந்தன. அம்மா, வீட்டுக்காரர் யாருக்கும் காட்டாமல் உன்னிடம்தான் முதலில் ஓடி வந்தேன். ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சில், சோடாபுட்டிக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த என்னை வம்புக்கு இழுத்துச் சிநேகம் பிடித்தவள் நீ. நல்லது கெட்டது எதுவானாலும் உன்னிடம் சொன்னால்தான் அது நடந்ததாக எனக்குக் கணக்கு.

நீ எப்போதும் போலக் குப்புறப் படுத்திருந்தாய். மாடிப்படியில் விழுந்து முதுகு போன நாளிலிருந்து உன் வேலை அப்படித்தான். மார்புக்குக் கீழே ஒரு தலையணை, எதிரே சாய்த்து வைத்த பலகை, அதில் குத்திய கிராப் தாள். ஒரு கட்டம் ஒரு இழை. நீ கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பினால்தான் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள், அந்த அட்டை தறிமேல் ஏறினால்தான் புடவையில் அன்னமும் மயிலும் நடக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் உன்னால் உட்கார முடியாது. ஆனால் படுத்தபடியே நீ போட்ட பார்டர்களைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"படிடி, படி" என்று பேப்பரை உன் பலகைமேல் விரித்தேன். நீ வாய்விட்டே படித்தாய். 'மேஜைமுன் உட்கார்ந்து உழைப்பவர்களுக்கு இந்தக் கருவி எதற்கும் உதவாது. இது படுத்துக்கொண்டே வேலை பார்க்க நினைக்கும் சோம்பேறிகளுக்கான சிலேட்டு.' படித்து முடித்துவிட்டு, கடைசி வரியை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தாய். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். பாவி, அந்த இடத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை.

"உன் பேரு அழகா வந்துகீதுடி. இத நான் வெட்டி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாய். தலையணைக்கு அடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஓரம் பிசகாமல் வெட்டி, பலகையின் மேல்மூலையில் ஒட்டினாய். எனக்கு ஒரே பெருமை.

வாசலில் செருப்பு மாட்டும்போது உன் தம்பி பின்னாலேயே வந்தான்.

"யக்கா, நம்ம பட்டுக்கடை முதலாளி பங்குனிக்கு மேல கம்ப்யூட்டர்ல போட்ட டிசைன்தான் எடுப்பேன்னு சொல்லிட்டாரு. எங்கக்கா கம்ப்யூட்டர் முன்னாடி எங்க போய் உக்காரும்? பேப்பர்ல அந்தப் படத்தப் பாத்துட்டு, படுத்துக்கினே வரைய முடியுமான்னு உன்னக் கேக்கச் சொல்லுச்சு. நேர்ல கேட்டா நீ பாவப்படுவியாம். அதான் நான் எழுதி டப்பால போட்டேன். நீ பதில் சொல்லுவன்னு இது காத்துக்கினு இருக்குது."

பதில்தான் சொல்லியிருந்தேனே, ஊரறிய, அச்சில்.

நான் திரும்பி உள்ளே வந்தேன். நீ பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா, செருப்பக் காணோமா?" என்றாய். மன்னிச்சுக்கோ என்று ஆரம்பித்ததுமே, "அட போடி, சோம்பேறிக்குத் தூக்கம் வருது, அப்புறமா வா" என்று முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாய். தோள் குலுங்கியது. சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை.

பங்குனிக்குப் பின்னால் உனக்கு வேலை வரவில்லை. என் கடைக்கு ஒரு நாள் வந்து கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாய். பத்தே நிமிஷம். உதட்டைக் கடித்துக்கொண்டு நீ எழுந்ததைப் பார்த்து, அந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது எனக்கு. பிறகு மாதக்கணக்கில் உன் பலகையில் தாளே இல்லை. என் வரி மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தச் சிலேட்டே ஊருக்குள் வந்தது. முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்திருந்தான். பட்டுக்கடையில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கடையே அதைச் சுற்றி நிற்கிறது. நம் ஊர்க்காரர்கள் எதைப் பார்த்தாலும் என்ன செய்வார்கள்? முதலாளி அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பட்டின் தரம் பார்க்கிற மாதிரி தேய்த்தார். உள்ளே இருந்த கல்யாணப் படங்கள் எல்லாம் சரசரவென்று ஓடின. "இன்னாப்பா இது, தொட்டா ஓடுது!" என்று கையை உதறினார். அடுத்துக் கணக்குப்பிள்ளை வாங்கினார், அவரும் தேய்த்தார், மாப்பிள்ளையின் மூக்கு மட்டும் திரை முழுக்கப் பெரிதாக நின்றது. புடவை மடிக்கிறவர் தேய்த்துவிட்டு, "வழவழன்னுதான் இருக்குது, கனம்தான் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார். கடை சிரிப்பில் அதிர்ந்தது.

நான் சிரிக்கவில்லை. அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூக்கு இவ்வளவு பெரிதாகும் என்றால் ஒரு கட்டம் எவ்வளவு பெரிதாகும்!

"தம்பி, ஒரு மணி நேரம் இதை எடுத்துக்கினு என்கூட வரியா?" என்று கேட்டேன். முதலாளி முறைத்தார். "உங்களுக்கு டிசைன் வேணுமா வேணாமாண்ணா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. பையன் சிலேட்டோடு என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டான்.

நீ முதலில் என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? நீயும் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்தாய்! பிறகு கையில் தைலம் இருக்கிறதே என்று முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, பலகையில் அதைச் சாய்த்து வைத்தாய். கட்டம் போட்ட பக்கத்தை நான் திறந்து கொடுத்தேன். முதல் கோடு கோணிக்கொண்டு போனது. இரண்டாவதும். இரண்டு விரலால் விரித்துக் காட்டினேன். ஒரே ஒரு கட்டம் நகத்தளவு பெரிதாகி நின்றது.

"ஏய், இவ்ளோ பெருசாவுமா!" என்றாய். அதற்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் இருந்ததே உனக்கு மறந்துபோனது. ஒரு மணி நேரம் என்பது மூன்று மணி நேரமாயிற்று. கடைசியில் ஓர் அன்னவரிசை பார்டர், ஒரு கட்டம் பிசகாமல். பையன் அதைச் செல்போனில் படம் பிடித்து அப்போதே அப்பாவுக்கு அனுப்பினான். சற்று நேரத்தில் போன் வந்தது. "யாரு போட்டது இது? நாளைக்கே அட்டைக்கு அனுப்பச் சொல்லு."

ஊருக்குக் கிளம்புகிற அன்று அந்தப் பிள்ளை சிலேட்டை உன்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். "டிசைன் வந்துக்கினு இருந்தா போதும்னு அப்பா சொல்லிட்டாருக்கா" என்றானாம். நல்ல பிள்ளை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். வெள்ளிக்கிழமைதோறும் உன் வீட்டுக்கு வந்து, நீ போட்டதை எடுத்துப்போய், பிரிண்ட் போட்டுக் கடையில் சேர்ப்பேன். டிசைன் போடுகிறவர்கள் தாளின் ஓரத்தில், நெய்யாத இடத்தில், தங்களுக்கென்று ஒரு அடையாளம் வைப்பார்கள். முன்பெல்லாம் நீ உன் பேரின் முதல் எழுத்தை வைப்பாய். சிலேட்டு வந்த பிறகு பொடிப்பொடிக் கட்டங்களில் படுத்திருக்கும் ஒரு சின்ன உருவத்தைப் போட ஆரம்பித்தாய். பிரிண்ட்டில் அது எறும்பளவுதான் தெரியும். "யாருடி இது?" என்று முதல் தடவை கேட்டதற்கு, "தெரியல? சோம்பேறி!" என்று சொல்லி அப்படிச் சிரித்தாய். அதன்பின் நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த எறும்பைப் பார்க்கும்போது எனக்குச் சுருக்கென்று குத்தும். என் வார்த்தையை நீ மறக்கவில்லை, எனக்கும் மறக்கவிடமாட்டாய் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அது வேண்டியதுதான் என்றும் நினைத்துக்கொள்வேன். பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வெள்ளிக்கிழமையே இல்லாமல் போனது.

இன்று மத்தியானம் உன் கடைசி டிசைனைத் திறந்தேன். பாதியில் நிற்கிறது, ஒரு மயிலுக்குத் தோகை பாக்கி. ஓரத்தில் வழக்கம்போல அந்த உருவம். இத்தனை வருஷமும் நான் தாளில் மட்டுமே பார்த்த எறும்பு அது. இன்று ஏனோ அதன்மேல் இரண்டு விரலை வைத்து விரித்தேன்.

கட்டங்கள் பெரிதாயின. காலை நீட்டி, தலைக்குக் கையை முட்டுக்கொடுத்துச் சுகமாகப் படுத்திருக்கிறாள். முகத்தில் இரண்டு கறுப்புக் கட்டம், நடுவில் அவற்றைச் சேர்க்கும் ஒரு சின்னக் கோடு.

நீ ஒரு நாளும் கண்ணாடி போட்டதில்லையே.

அடிப்பாவி, மூன்று வருஷமாக அது நான்தானா? இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிநேகிதியிடம் வந்து 'என்னடி வேணும் உனக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊருக்குத் தீர்ப்பு எழுதியவள். நீ சரியாகத்தான் வரைந்திருக்கிறாய். வாரந்தவறாமல் அதை என் கையாலேயே பிரிண்ட் போட வைத்திருக்கிறாய். கடையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

உன் தம்பி வரும் நேரமாயிற்று. சிலேட்டில் எதையும் அழிக்கப்போவதில்லை. பாப்பாவுக்கு என் கடையில் இருப்பதில் நல்லதாக ஒன்று கொடுக்கிறேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், அவளுக்கு அது எதற்கு வேண்டும் என்று நானே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.