என்னைக் கொன்றதாகக் காவலில் இருப்பவரை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
தவ்லத் ரிஃப்கி, விமானி,
அன்ஃபூஷி, அலெக்சாந்திரியா.

பெறுநர்:
உயர்திரு எல்லை மாவட்ட ஆணையர் அவர்கள்,
பீர் ஸஃப்ரா.

பொருள்: ஹுத்ஹுத் என்னும் சிறு விமானம் அழிந்தது – விமானியைக் கொன்றதாக ஷேக் மிஃப்தாஹ் கைதானது – அவரை உடனே விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வழக்கில் கொலையுண்டதாகச் சொல்லப்படும் விமானி நான்தான். நலமாக இருக்கிறேன். நெடுந்தூரம் ஒட்டகத்தில் வந்ததால் உட்காருவது மட்டும் சற்றுச் சிரமம்.

2. ஹுத்ஹுத் மரத்தாலும் துணியாலும் ஆன, இருவர் அமரும் விமானம். ஓர் ஆங்கிலேயர் அதை ஆட்டுப்பட்டியில் இறக்கி நொறுக்கி, விறகு விலைக்கு விற்றார். எங்கள் தெருப் படகுத் தச்சர் ஸக்கரிய்யாவும் நானும் குளிர்காலம் முழுக்க அதைப் பொருத்தினோம். "தண்ணியில மிதக்க நான் பொறுப்பு, ஆகாசத்துக்கு நீதான் பொறுப்பு" என்று சொல்லித்தான் அவர் உளியையே எடுத்தார். அது பறந்தது ஐயா! ஐன் ஜரீபா பாலைச்சோலைக்குச் சிறு விமானத்தில் போகவே முடியாது என்று எங்கள் விமானக் கழகச் செயலாளர் மேடையில் பேசினார். நானும் ஹுத்ஹுத்தும் போய் இறங்கினோம். ஊரார் பேரீச்சங்கூடையைக் காலியாக இருந்த முன்னிருக்கையில் ஏற்றி அனுப்பினார்கள்.

3. திரும்பும் வழியில் எண்ணெய்க் குழாய் உடைந்தது. மிஃப்தாஹின் கூடாரத்தருகே சேதமில்லாமல் இறக்கினேன். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவர் ஆட்டை அறுத்தார். விருந்தாளி ஏறிவந்த ஒட்டகத்தின் கழுத்தில் அந்த இரத்தத்தைப் பூசுவது அந்தப் பாலைவன மக்களின் மரியாதை என்பது தாங்கள் அறியாததல்ல. அவர் இரத்தக் கையோடு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மகளே, இதுக்குக் கழுத்து எங்க இருக்கு?" என்றார். அவர் மனைவி கமீஸா, "அவ உக்காந்து வந்த எடத்துலயும் பூசுங்க. நம்ம வீட்டுல குறை வச்சாங்கன்னு பேர் வேண்டாம்" என்றார். மூக்கிலும் பூசினார், இருக்கையைச் சுற்றியும் பூசினார். தங்கள் துணை அதிகாரி வஹ்பி அவர்கள் கொலைக்கான தடயம் என்று குறித்திருப்பது அந்த ஆட்டின் இரத்தத்தை.

4. அடுத்து, கயிறு. விமானம் தப்பிப் பறக்காதபடி அதன் கால்கள் கட்டப்பட்டிருந்தன என்கிறது அறிக்கை. கட்டச் சொன்னவளே நான். கம்சீன் என்னும் மணற்காற்று வரும்போலிருந்தது. "உங்க ஒட்டகத்தைக் கட்டற மாதிரி கெட்டியா கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுக் களைப்பில் படுத்துவிட்டேன். சொன்னபடியே செய்தார். சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து அப்படியொரு முடிச்சு! இறக்கைகளை விட்டுவிட்டார். இறக்கை உள்ள சவாரியை அவர் எங்கே கண்டார்? காற்று வந்தது. காலில் கயிற்றோடு, ஆளில்லாமல், ஹுத்ஹுத் ஒரு பனை உயரம் எழும்பிப் பறந்து, தலைகீழாக விழுந்து இரண்டாக ஒடிந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

5. விருந்தாளியின் சவாரி தம் கூடாரத்தில் செத்தால் ஈடு தருவது அவர்கள் வழக்கம். மந்தையிலேயே சிறந்த வெள்ளை ஒட்டகத்தை மிஃப்தாஹ் கொடுத்தார். வேண்டாமென்றதற்குக் கோபித்துக்கொண்டார். நான் என் தோல் தொப்பியைக் கமீஸாவுக்குக் கொடுத்தேன். நான் கிளம்பியபின் விமானத்தைத் தேடி வந்த வஹ்பி அவர்களுக்கு அது கொள்ளைப் பொருளாம்! எனக்கு வழிகாட்டி வந்த மிஃப்தாஹின் தம்பி இத்ரீஸ் தலைமறைவாம்! மிஃப்தாஹ் நடந்ததை நடந்தபடி சொன்னதற்கு, "ஏரோப்ளேனுக்குப் பதிலா ஒட்டகமா? யார் காதுல பூ சுத்தற?" என்று வஹ்பி அவர்கள் சிரித்ததாக, நான் இங்கே வரும் வழியில் கமீஸா சொன்னார்.

6. நான் அலெக்சாந்திரியா சேர்ந்த அன்று கழகத்தில் எனக்கு இரங்கல் கூட்டம். ஒட்டகத்தை வாசலில் மண்டியிடவைத்து உள்ளே போனேன். அதே செயலாளர், "ஜரீபாவை எட்டிய வீராங்கனை" என்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை போடாத துக்கக் காபியில் நானும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு நின்றது. "நிறுத்தாதீங்க எஃபெண்டி, நல்லாத்தானே போயிட்டிருந்துது" என்றேன். வாழ்நாளில் அப்படி நான் சிரித்ததில்லை. மேசையிலிருந்த செய்தித்தாளில் தங்கள் அலுவலக அறிக்கையையும் மிஃப்தாஹின் பெயரையும் பார்க்கும்வரைதான் அந்தச் சிரிப்பு.

7. ஆகவே, மிஃப்தாஹின் விலங்கை அவிழ்த்து, அவர் மக்கள் பார்க்க, மரியாதையோடு கூடாரத்தில் கொண்டுவிட வேண்டுகிறேன். கமீஸாவின் தொப்பியைக் கமீஸாவிடம் தர வேண்டும். சாட்சிப் பொருளாக வைத்துள்ள ஹுத்ஹுத்தின் இயந்திரத்தையும் தாருங்கள். ஸக்கரிய்யா மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த ஹுத்ஹுத் முதலில் இறங்கப்போவது மிஃப்தாஹின் வாசலில்தான். கழுத்து எது என்று இப்போது அவருக்குத் தெரியும். இறக்கையை எப்படிக் கட்டுவது என்று நான் காட்டித்தருவேன்.

8. சாட்சியையும் கொண்டுவந்திருக்கிறேன். மிஃப்தாஹின் சூட்டுக்குறியுள்ள வெள்ளை ஒட்டகம் தங்கள் அலுவலக வாசலில் நிற்கிறது. காலை மட்டும்தான் கட்டியிருக்கிறேன், அதற்கு அது போதும். பக்கத்தில் நிற்பவர் தலைமறைவான இத்ரீஸ், அவருக்குப் பக்கத்தில் நான். தயவுசெய்து வெளியே வந்து பாருங்கள். மிஃப்தாஹ் இல்லாமல் நாங்கள் மூவரும் திரும்புவதாக இல்லை.

இடம்: பீர் ஸஃப்ரா, தங்கள் வாசல்
நாள்: 29 ஏப்ரல் 1935

தங்கள் பதிவேட்டின்படி இறந்துபோன,
தவ்லத் ரிஃப்கி